வாரண்டி முடிவதற்குள் ஒரு கணக்கு: உங்கள் கார் எஞ்சின் ஆயில் குடித்தால் என்ன செய்வது?

என் கார் ஆயில் குடிக்கிறது என்பதை ஒரு மலைப்பாதை வளைவில் தெரிந்துகொண்டேன். சிவப்பு ஆயில் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. ஓரங்கட்டி, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், நுனியில்கூட ஈரம் இல்லை. ஆயில் மாற்றி ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. வண்டிக்கு வயது ஒன்றரை.

அதிலிருந்து எஞ்சின் சரியாகிக் கைக்கு வரப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. அவற்றில் எட்டு மாதங்கள் என் அறியாமையால் வீணாயின. மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குப் போய் வாயால் சொன்னேன். மூன்று முறையும் ‘இது சகஜம்தான் சார்’ என்று சிரித்த முகத்தோடு டாப் அப் செய்து, அதாவது குறைந்த ஆயிலை மட்டும் ஊற்றி, அனுப்பினார்கள். பிறகு சர்வீஸ் சென்டர் புகாரையும் வேலையையும் எழுதித் தரும் பழைய ஜாப் கார்டுகளை எடுத்துப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. மூன்றிலும் ‘பொதுப் பரிசோதனை’ என்று மட்டுமே இருந்தது. கம்பெனியின் பதிவேட்டைப் பொறுத்தவரை நான் புகாரே செய்யவில்லை. நீங்கள் அந்த எட்டு மாதங்களைத் தொலைக்க வேண்டாம்.

1. சரியாக அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பலர் ஆயிலைத் தப்பாக அளந்துவிட்டுச் சண்டைக்குப் போகிறார்கள். தவறான அளவோடு போனால் முதல் சந்திப்பிலேயே உங்கள் பேச்சு எடுபடாது.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் அணைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். மேலே போன ஆயில் வடிந்து கீழே சேர அந்த நேரம் தேவை. டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுவதும் உள்ளே செருகி, மறுபடி எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரிந்தால் தாழ்வானதையே எடுத்துக்கொள்ளுங்கள். சில கையேடுகள் குளிர்ந்த எஞ்சினில் அளக்கச் சொல்லும். அப்படியானால் அதுவே உங்கள் முறை. எதுவானாலும் ஒவ்வொரு முறையும் ஒரே முறையில், முடிந்தால் ஒரே இடத்தில் அளக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே உள்ள அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர். துல்லியமான எண் உங்கள் கையேட்டில் இருக்கும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளில் திரையில் வரும் அளவை அதே நிபந்தனைகளில் எடுத்து, படம் பிடித்து வையுங்கள்.

எரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிவப்பு விளக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது ஆயில் அழுத்தத்துக்கான விளக்கு, ஆயில் அளவுக்கானது அல்ல. அது எரிகிறதென்றால் பம்ப் ஏற்கெனவே காற்றை இழுக்கத் தொடங்கியிருக்கலாம். உடனே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். குறைந்த ஆயிலோடு தொடர்ந்து ஓட்டி பேரிங் கெட்டுப்போனால், ‘உரிமையாளரின் கவனக்குறைவு’ என்று வாரண்டியை மறுக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். புகார் நிலுவையில் இருக்கும்போதும் அளவைக் கீழ்க்கோட்டுக்குக் கீழே விடாதீர்கள். ‘எவ்வளவு குறைகிறதென்று பார்க்கலாம்’ என்ற ஆர்வத்தில் நான் ஒரு முறை விட்டேன். முதலுக்கே மோசமாகியிருக்கும்.

2. ஒரு குறிப்பேடு போடுங்கள்

ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை அளவு எடுங்கள். தேதி, ஓடோமீட்டர் எண், டிப்ஸ்டிக் நிலை, ஊற்றிய ஆயில் எத்தனை மில்லிலிட்டர், என்ன தரம் ஆகிய ஐந்தும் போதும். ஓடோமீட்டரையும் டிப்ஸ்டிக்கையும் அடுத்தடுத்துப் படமெடுங்கள். ஊற்றும்போது அளவுக்கோடு உள்ள குவளையைப் பயன்படுத்துங்கள். ‘கொஞ்சம் ஊற்றினேன்’ என்பது கணக்கில் சேராது. ஆயில் வாங்கிய ரசீதையும் எறியாதீர்கள்.

கணக்கு எளிது. அளவு ஒரே கோட்டில் இருந்து மறுபடி அதே கோட்டுக்கு வர 3,000 கிலோமீட்டரில் 1.2 லிட்டர் ஊற்றினீர்கள் என்றால், 1,000 கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர். சில ஆவணங்களில் குவார்ட், மைல் என்று வரும். ஓர் அமெரிக்கக் குவார்ட் 0.946 லிட்டர், ஆயிரம் மைல் 1,609 கிலோமீட்டர்.

ஆயில் தரத்தை மாற்றாதீர்கள். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் ஊற்றச் சொன்ன எஞ்சினில் 5டபிள்யூ-40 என்ற கெட்டியான ஆயில் ஊற்றினால் எஞ்சின் குடிக்கும் அளவு சற்றுக் குறையலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். குறையவும் கூடும். ஆனால் வாரண்டியை மறுக்க அதைவிட நல்ல சாக்கு அவர்களுக்குக் கிடைக்காது. ‘ஆயில் நிறுத்தும் திரவம்’, ‘எஞ்சின் கழுவி’ போன்ற புட்டிகளுக்கும் இது பொருந்தும். வாரண்டி இருக்கும் வரை அவை கடையிலேயே இருக்கட்டும்.

3. ‘சகஜம்’ என்றால் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்

எல்லா எஞ்சினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். புது எஞ்சின் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் கூடுதலாக எரிக்கும். ஆகவே ‘சகஜம்’ என்ற சொல் முழுப் பொய் அல்ல. அதன் எல்லை எங்கே என்பதுதான் கேள்வி.

கையேட்டின் தொழில்நுட்ப விவரப் பக்கத்திலோ ஆயில் பற்றிய பகுதியிலோ அதிகபட்ச ஆயில் செலவு, அதாவது எஞ்சின் எவ்வளவு வரை எரிக்கலாம் என்ற அளவு, எழுதியிருக்கும். அந்த எண் உங்களைத் திடுக்கிட வைக்கும். டொயோட்டாவின் பல கையேடுகளில் 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் என்றும், வோக்ஸ்வேகன் குழுமக் கார்களின் கையேடுகளில் 0.5 லிட்டர் வரை என்றும் இருக்கிறது. நிறுவனங்கள் தங்களுக்கு இடம் வைத்து எழுதும் எண் அது.

அதோடு மனம் தளர வேண்டாம். ஒரு குறிப்பிட்ட எஞ்சினில் கோளாறு இருப்பது தெரிந்தால் நிறுவனம் தன் சர்வீஸ் சென்டர்களுக்குத் தனிச் சுற்றறிக்கை அனுப்பும். அதிலுள்ள வரம்பு கையேட்டைவிடக் கடுமையாக இருக்கலாம். 2ஏஇசட்-எஃப்இ என்ற எஞ்சினுக்கு டொயோட்டா அமெரிக்காவில் விட்ட சுற்றறிக்கையின் வரம்பு 1,200 மைலுக்கு ஒரு குவார்ட். அதாவது 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவு. அதைத் தாண்டிய வண்டிகளுக்குப் பிஸ்டனும் அதைச் சுற்றியுள்ள ரிங்கும் மாற்றிக் கொடுத்தார்கள்.

எனவே சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டியவை இரண்டு. என் எஞ்சினுக்கு ஏற்கத்தக்க வரம்பு என்ன, அதை எழுத்தில் தர முடியுமா? என் எஞ்சின் எண்ணுக்கு ஆயில் செலவு தொடர்பான சுற்றறிக்கை இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு எதிரே இருப்பவர் முகம் மாறுவதைக் கவனியுங்கள். என் விஷயத்தில் மாறியது.

4. போகும் முன் காகிதங்களைச் சேருங்கள்

வாரண்டிப் புத்தகம், வண்டி வாங்கிய ரசீது, அதுவரையான எல்லா சர்வீஸ் ரசீதுகள், பழைய ஜாப் கார்டுகள், உங்கள் குறிப்பேடு, படங்கள் ஆகியவை வேண்டும். சர்வீஸை வெளியே செய்திருந்தால் அந்த ரசீதில் ஆயில் தரமும் அளவும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கடையில் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

வாரண்டிப் புத்தகத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள். முதலாவது முடிவுத் தேதியும் கிலோமீட்டரும், இவற்றில் எது முந்துகிறதோ அதுவே முடிவு. நெடுந்தூரம் ஓட்டுபவருக்குத் தேதிக்கு முன்பே கிலோமீட்டர் தீர்ந்துவிடும். இரண்டாவது, விலக்குப் பட்டியல். டாப் அப் ஆயிலை நுகர்பொருள் என்று பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். மூன்றாவது, பணம் கட்டி நீட்டித்த வாரண்டியா என்பது. அதை வேறொரு நிறுவனம் காப்பீடு போல நடத்தக்கூடும். ‘தேய்மானம்’ என்ற ஒரு சொல்லை வைத்தே பிஸ்டன் ரிங்கை அது தள்ளிவிடலாம். மூல வாரண்டி இருக்கும்போதே புகாரைப் பதிய வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்துவதற்கு அதுவே காரணம்.

5. புகாரை ஜாப் கார்டில் ஏற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். வாய்ச்சொல் அங்கே அம்பலம் ஏறாது.

சாவியைக் கொடுக்கும்போது சர்வீஸ் சென்டர் ஊழியர் ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். ‘ஆயில் செக்’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். ‘ஆயில் மாற்றிய 4,000 கிலோமீட்டருக்குள் 2 லிட்டர் குறைந்துள்ளது. வெளியே கசிவு தென்படவில்லை. காரணம் கண்டறியக் கோரிக்கை’ என்று உங்கள் எண்களோடு எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதையே அன்று மாலைக்குள் சர்வீஸ் மேலாளருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது கண்டறிந்தது என்ன, செய்தது என்ன, ஊற்றியது எத்தனை லிட்டர் என்று எழுதிய நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். ‘பரவாயில்லை, அடுத்த முறை பார்க்கலாம்’ என்று இலவசமாக டாப் அப் செய்து தருவது பெரிய உதவி போலத் தெரியும். பதிவில்லாத டாப் அப் உங்கள் கணக்கையே அழித்துவிடும்.

வாரண்டி முடியும் முன் எழுத்தில் பதிந்த கோளாறு, சோதனை முடியும் முன் தேதி கடந்தாலும், அதே புகாரின் தொடர்ச்சியாக நடத்தப்படுமா என்பதையும் அப்போதே மின்னஞ்சலில் கேட்டு உறுதி வாங்குங்கள்.

6. எளிய காரணங்களை முதலில் களையட்டும்

எஞ்சினைத் திறக்கும் முன் அவர்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு. நீங்களும் தெரிந்துவைத்துக்கொண்டால் நாள் மிச்சமாகும்.

வெளிக் கசிவு: வடிகால் போல்ட், ஆயில் ஃபில்டர், வால்வு கவர் கேஸ்கெட், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல். அடித்தட்டு மறைப்பு இருக்கும் வண்டிகளில் கசியும் ஆயில் தரையில் விழாமல் அந்தத் தட்டிலேயே தேங்கிவிடும். கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிசிவி வால்வு: எஞ்சினுக்குள் சேரும் வாயுவை உறிஞ்சி மறுபடி எரிய அனுப்பும் சிறு உறுப்பு. இது கெட்டால் ஆயிலையும் சேர்த்து இழுத்துவிடும். மாற்றுவது சுலபம், அதனால் முதலில் இதையே பார்க்க வேண்டும்.

அளவுக்கு மேல் நிரப்புவது: மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். மிகுதி பிசிவி வழியே போய் எரியும்.

டர்போ: அதன் சீல் தேய்ந்தால் குழாய்களில் ஆயில் படிந்திருக்கும். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றிப் பார்த்தாலே ஓரளவு தெரியும்.

இவை எதுவும் இல்லையென்றால் மிஞ்சுவது, வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலும் பிஸ்டன் ரிங்கும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது நீலப்புகை எழுந்து அடங்கினால் வால்வு சீல் மேல் சந்தேகம் வரும். அழுத்தி முடுக்கும்போது நீலப்புகை வந்தால் ரிங் மேல். புகையே வராவிட்டாலும் ஏமாறாதீர்கள். வெளியேறும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கும்வரை புகையைப் பெரும்பாலும் மறைத்துவிடும். என் வண்டியில் ஒரு நாளும் புகை வந்ததில்லை. ‘புகையே இல்லையே சார்’ என்பதே அவர்களின் முதல் வாதமாக இருந்தது. ரிங் கோளாறில் வழக்கமாகச் சிக்குவது மூன்றாவது ரிங், அதாவது சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்து இறக்கும் ரிங். அதன் பள்ளத்தில் கரி அடைத்து ரிங் ஒட்டிக்கொண்டால் ஆயில் மேலே தங்கி எரிந்துபோகும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அளவு சரியாகவே காட்டும், ஏனெனில் அந்த அழுத்தத்தைப் பிடிப்பவை மேலே உள்ள ரிங்குகள். ‘கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, ஆகவே எஞ்சின் நலம்’ என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

7. ஆயில் செலவுச் சோதனை

வாரண்டி கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் நிற்கிறது. முறை இது: பழைய ஆயிலை வடித்து, புது ஃபில்டர் போட்டு, குறித்த அளவு ஆயில் ஊற்றி, ஆயில் ஊற்றும் வாயின் மூடி, டிப்ஸ்டிக், வடிகால் போல்ட், ஃபில்டர் ஆகியவற்றில் பெயிண்ட் கோடோ சீலோ வைப்பார்கள். ஓடோமீட்டரைக் குறித்து அனுப்புவார்கள். ஆயிரத்து ஐநூறு முதல் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு திரும்பக் கொண்டு போனால் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள்.

இதில் ஏமாறும் இடங்கள் பல.

தொடக்கத்தில் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். மேல்கோட்டில் சரியாக நிற்கிறதா என்று பார்த்துப் படமெடுங்கள். முடிவில் டிப்ஸ்டிக்கை மட்டும் பார்ப்பதைவிட வடித்து எடை போடுவது மேல். ஆயில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.86 கிலோ. என் வண்டியில் 4.2 லிட்டர், அதாவது சுமார் 3.6 கிலோ ஊற்றினார்கள். 1,610 கிலோமீட்டர் கழித்து வடித்தது சுமார் 2.75 கிலோ, அதாவது 3.2 லிட்டர். ஒரு லிட்டர் காணோம். 1,000 கிலோமீட்டருக்கு 0.62 லிட்டர். அதன் பிறகு ‘சகஜம்’ என்ற சொல் என் காதில் விழவில்லை.

சோதனை நாட்களில் குறுகிய பயணமாகவே ஓட்டாதீர்கள். குளிர்ந்த எஞ்சினில் எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலந்து அளவைத் தூக்கிக் காட்டும், குறைந்த ஆயில் குறையாதது போலத் தோன்றும். பிறகு ஒரு நீண்ட பயணம் போனால் பெட்ரோல் ஆவியாகி அளவு சட்டென்று விழும். உங்கள் வழக்கமான ஓட்டத்தையே ஓட்டுங்கள், நெடுஞ்சாலையும் சேரட்டும்.

சீலைத் தொடக்கூடாது. ஆனால் அளவு ஆபத்தான நிலைக்கு இறங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது? இதை முன்கூட்டியே கேளுங்கள். ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை சர்வீஸ் சென்டரில் வந்து பார்த்துக்கொள்ள அனுமதி எழுதி வாங்கினேன். இடையில் ஊற்ற நேர்ந்தால் அவர்களே ஊற்றி, அளவை அட்டையில் எழுத வேண்டும்.

ஒரு சோதனை போதாது, இரண்டாவது வேண்டும் என்பார்கள். வருந்தாதீர்கள், ஆனால் வாரண்டி நாட்களைக் கணக்கிடுங்கள். மாதத்துக்கு எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரண்டு சோதனைக்கு நான்கைந்து மாதங்கள் ஓடிவிடும்.

8. எஞ்சினைத் திறக்கும் முன் கையெழுத்தைப் பாருங்கள்

வண்டி சோதனையில் தோற்றால் லீக் டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பது), சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, கடைசியாக எஞ்சினைப் பிரிப்பது என்று போகும். இங்கேதான் செலவுப் பூதம் கிளம்பும். சில இடங்களில் ‘கோளாறு வாரண்டிக்குள் வராவிட்டால் பிரித்துச் சேர்க்கும் கூலி உரிமையாளருடையது’ என்று ஒரு படிவம் நீட்டுவார்கள். அந்தக் கூலி சிறியதல்ல. கையெழுத்துக்கு முன் எந்த நிலையில் வாரண்டி ஏற்கும், எந்த நிலையில் மறுக்கும், மறுத்தால் அதிகபட்சம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டி உள்ளே இருக்கும் நாட்களுக்கு மாற்று வண்டி கேட்கவும் இதுவே நேரம், பிறகு கேட்டால் கிடைக்காது.

பழுதுபார்ப்பு மூன்று வகையில் அமையலாம். பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவது, ஷார்ட் பிளாக் எனப்படும் கீழ்ப்பகுதி முழுவதையும் மாற்றுவது, எஞ்சினையே மாற்றுவது. கரியைக் கழுவி ரிங்கை விடுவிக்கும் மருந்து வைத்தியமும் உண்டு. அதை முதல் முயற்சியாக ஏற்கலாம், முடிவாக ஏற்காதீர்கள். பின்னால் மறுசோதனை உண்டு என்று எழுதி வாங்கிய பிறகே சம்மதியுங்கள். எதுவானாலும் சிலிண்டர் சுவரில் கீறல் இருந்ததா என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். கீறல் இருந்தும் ரிங்கை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே கதை.

ஆயில் எரிந்ததால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், ஸ்பார்க் பிளக் ஆகியவையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரை மெல்லச் செயலிழக்கச் செய்யும். அவற்றையும் சோதித்து முடிவைப் பதியச் சொல்லுங்கள். அன்று கேட்கவில்லை என்றால் ஓர் ஆண்டு கழித்துத் தனிப் பழுதாக உங்கள் தலையில் விழும்.

9. மறுத்தால்

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். காரணமும் எண்ணும் இருக்க வேண்டும். பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நேரடியாக, ஒரே மின்னஞ்சலில் தேதி வரிசையாக எழுதுங்கள். கோபம் வேண்டாம், ஒரு பக்கம் போதும், இணைப்புகள் பேசட்டும். வேறொரு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சோதனையைத் திரும்பச் செய்யக் கோரவும் செய்யலாம். எனக்கு வழி திறந்தது அங்கேதான்.

வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் வண்டியானால் நல்லெண்ண உதவி என்ற பெயரில் உதிரிப் பாகத்தை அவர்களும் கூலியை நீங்களுமாகப் பகிரும் ஏற்பாடு கேட்டுப் பாருங்கள். வாரண்டி முடிந்து சில வாரமே ஆன வண்டிகளுக்கும் இது கிடைப்பதுண்டு. சர்வீஸ் ரசீதுகள் முழுமையாக இருப்பவருக்கே பெரும்பாலும் கிடைக்கும்.

உங்கள் எஞ்சின் வகைக்கு நீட்டித்த பாதுகாப்பு அறிவித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சுபாரு கார் நிறுவனத்தின் சில எஞ்சின்களுக்கு அமெரிக்காவில் 2016இல் வழக்குச் சமரசத்தின் வழியே 5 ஆண்டு, 60,000 மைல் என்றிருந்த பாதுகாப்பு 8 ஆண்டு, 1,00,000 மைலாக நீண்டது. முன்னே சொன்ன டொயோட்டா எஞ்சினுக்கு 10 ஆண்டு, 1,50,000 மைல் வரை கொடுத்தார்கள். இப்படிப்பட்ட அறிவிப்பு ஒரு நாட்டுக்கு மட்டும் இருக்கலாம். ஆனாலும் அதே எஞ்சினுக்கு அதே நிறுவனம் வேறிடத்தில் கோளாறைத் தீர்த்துக் கொடுத்தது என்று உங்கள் கடிதத்தில் எழுதத் தடையில்லை. கடைசி வழி நுகர்வோர் குறைதீர் அமைப்பு. அங்கே போவதற்கான கால வரம்பை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

10. வண்டி திரும்பி வந்த பிறகு

மாற்றிய பாகங்களின் பட்டியலும் எண்களும், அந்தப் பாகங்களுக்கான வாரண்டிக் காலமும் ரசீதில் இருக்க வேண்டும். எஞ்சினே மாறியிருந்தால் பதிவு ஆவணத்தில் எஞ்சின் எண்ணை மாற்றியாக வேண்டியிருக்கலாம். அதற்கான கடிதத்தை அன்றே வாங்குங்கள்.

புது ரிங் சிலிண்டரோடு பொருந்த ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஆகும். அதுவரை ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டாமல், வேகத்தை ஏற்றி இறக்கி, எஞ்சினை மிகவும் வதைக்காமல் ஓட்டுங்கள். அந்தக் காலத்தில் கொஞ்சம் ஆயில் குறையும், பதற வேண்டாம். அது முடிந்ததும் ஆயில் மாற்றி, இரண்டாம் படியின் குறிப்பேட்டை மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். என் குறிப்பேட்டில் இப்போது ஐயாயிரம் கிலோமீட்டருக்கு 300 மில்லிலிட்டர் என்று இருக்கிறது. இன்னும் ஐநூறுக்கு ஒரு முறை டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறேன்.